இரண்டு குத்தும் ஒரு ஸ்பிரிங்கும்

2014 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை மாலை, மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு தொழிலாளியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினார். கூட்டாளியின் தாடையை இரும்புக் கம்பியால் அடித்து உடைத்தார் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தத் தொழிலாளியை யாரும் விசாரிக்கவில்லை. நேரில் பார்த்தவரை அழைக்கவில்லை. முடிவைத் தாளில் எழுதித் தரவும் இல்லை. சங்கத்துக் காவலாளியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். செயலாளர் மீதான குற்றச்சாட்டு இதுவே. நடந்தது என்ன என்பது கீழே.

நீக்கப்பட்டவரை எல்லாரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலாக வைத்த பெயர். வைத்தவர் அவருடைய மனைவியின் அண்ணன், பட்டறையில் பாதிப் பங்குக்காரர். நிதானம் ஒரு நட்டை முறுக்குவதற்கு முன் அதைத் துணியால் துடைப்பார், மரையை விரல்நுனியால் தடவுவார், வெறுங்கையாலேயே சில சுற்று விட்டுப் பார்ப்பார்.

"மாப்பிள்ளை, அது நட்டு, பொண்ணு இல்ல. பாத்தது போதும், முறுக்கு" என்பார் மச்சான்.

பட்டறையே சிரிக்கும். நிதானமும் சேர்ந்து சிரிப்பார்.

அடி வாங்குவது அவருக்குப் புதிதல்ல. அப்பா கல்குவாரியில் பாரம் ஏற்றியவர். வீட்டுக்குள் வந்தால் சட்டைக்கு முன்னால் பெல்ட்டைத்தான் கழற்றுவார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சேர்ந்த முதல் பட்டறையில் முதலாளிக்குப் பேசும் பழக்கமே கிடையாது, எறியும் பழக்கம் உண்டு. நிதானத்தின் இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் தழும்பு ஒரு ஸ்பேனர் போட்டது. அவர் யாரையும் திருப்பி அடித்ததில்லை. அதைப் பொறுமை என்று ஊர் சொன்னது, உண்மையில் பயம். தன் கையும் அப்பாவின் கையைப் போலவே அகலமாக, கட்டைவிரல் வெளிப்பக்கம் வளைந்து இருப்பதை அவர் சின்ன வயதிலேயே கவனித்துவிட்டார். ஓங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் கோபத்தை எல்லாம் துருப்பிடித்த போல்ட்டுகளின் மேல் இறக்கினார். அவருடைய சம்மட்டி விழத் தொடங்கினால் பக்கத்து டீக்கடைக்காரர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார்.

தொழிலைப் புத்தகத்தில் படித்தே தேறினார். பழைய இரும்புக்கடையில் கிடைக்கும் வண்டிக் கையேடுகளை வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தார். அப்படிப் படித்த ஒரு விஷயம்தான் பட்டறையில் பதினொரு வருடச் சண்டைக்கு விதை.

காரின் முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிப்பது லோயர் ஆர்ம் என்னும் இரும்புக் கை. அது வண்டியோடு சேருமிடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். வண்டி லிஃப்டின் மேலே இருக்க, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்த போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பரும் தொங்கும் நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டி தரையிறங்கியதும் ஆர்ம் மேலே மடங்க, ரப்பர் பிழிந்த துணியாக முறுக்கிக்கொள்ளும். சில மாதத்தில் கிழிந்து, பள்ளத்துக்குப் பள்ளம் 'டொக்' என்று இடிக்கும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டுகளுக்கும் இதே கதைதான். எஞ்சின் தன் எடையில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். நிதானம் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, வண்டியை இறக்கி, பானெட்டின் மேல் சாய்ந்து அமுக்கி அமுக்கி விட்டு, பிறகு கீழே ஊர்ந்து போய் முறுக்குவார். மச்சான் ஏர் கன்னை எடுத்து அந்தரத்திலேயே 'டர்ர்' என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அன்று காலை தையல்கடை அம்மாவின் கார் வந்தது. வயதான வண்டி. எஞ்சின் மவுண்ட் மூன்றும் கிழிந்து, நின்ற இடத்திலேயே பின்னாடிக் கண்ணாடி நடுங்கியது. முன்பக்க ஆர்ம் இரண்டையும் போன மழைக்காலத்தில்தான் மச்சான் மாற்றியிருந்தார், மறுபடியும் இடித்தது. ஷாக் அப்சார்பரும் தளர்ந்துபோயிருந்ததால், அதைச் சுற்றிய ஸ்பிரிங்கோடு கழற்றி இரும்புப் பிடியில் நிறுத்தியிருந்தார்கள். நிதானம் வண்டியைத் தூக்கி, எஞ்சினுக்கு முட்டுக்கொடுத்து, பழைய மவுண்ட்டுகளைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து, கிழிந்த ஆர்ம் ரப்பரைப் பார்த்தார்.

"ஏங்க, போன தடவையும் இதே ரப்பர்தானே மாத்தினீங்க?"

"ரோடு சரியில்லம்மா. ரோடு போட்டவனைக் கேளுங்க" என்றார் மச்சான்.

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ரோடு இல்ல மச்சான். தொங்கவிட்டு முறுக்கினது."

காற்று இயந்திரம்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது.

"என்ன சொன்ன?"

"வருசக்கணக்கா சொல்றதுதான்."

"அந்தம்மா முன்னாடி இன்னைக்குத்தான் சொல்ற."

நிதானம் வெளியே வந்து நிமிர்வதற்குள் பழைய எஞ்சின் மவுண்ட் பறந்து வந்தது. வார்ப்பிரும்பும் கிழிந்த ரப்பருமாக, கைக்கு அடங்காத கட்டி. காறையெலும்பில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அடுத்தது விலாவில் உதை. பிறகு மச்சான் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து லிஃப்ட் தூணில் மோதினார், ஒருமுறை, இன்னொருமுறை. தூணின் மஞ்சள் வண்ணத்தில் ரத்தம் வழிந்தது. தையல்கடை அம்மா அலறினார்.

"என் தங்கச்சியக் கட்டினதால உள்ள வந்தவன்டா நீ! உங்கப்பன் பெல்ட்டால அடிச்சுச் சொல்லிக்குடுக்காததை நான் சொல்லித்தரேன்."

அப்பாவின் பெயரை எடுத்ததும் அந்தக் கை எழுந்தது. முதல் குத்து வாயில். இரண்டாவது கண்ணுக்குக் கீழே. மச்சான் பின்னால் சாய்ந்து டயர் குவியலின் மேல் விழுந்தார். நிதானம் மூன்றாவதற்கு ஓங்கியவர், நடுவானில் நின்ற தன் முஷ்டியைப் பார்த்தார். விரல் முட்டுகளில் மச்சானின் எச்சிலும் ரத்தமும். கையைக் கீழே இறக்கினார்.

இங்கே செயலாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குத்து வாங்கிய மச்சான் எழுந்தார். ஒரு பல்லைத் தரையில் துப்பினார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அவ்வளவுதானா மாப்பிள்ளை? இந்தக் கைக்கா இத்தனை நாள் பில்டப் குடுத்த?" என்று தெளிவாகக் கேட்டார். தாடை உடைந்தவருக்கு அப்படிச் சிரிக்க வராது.

"போடா. ஸ்பிரிங் கட்டவும் நீ வேண்டாம். நானே கட்டிக்கிறேன்."

இரும்புப் பிடியில் முன்சக்கரத்து ஸ்பிரிங் நின்றிருந்தது. அதை அழுத்திச் சுருக்க இரண்டு கொக்கித் திருகுகள் உண்டு. அவற்றை எதிரெதிர்ப் பக்கம் மாட்டி, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கையால் திருக வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் கற்பது. மச்சானுக்குக் கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது, மூச்சு இரைத்தது. இரண்டு கொக்கியையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். ஏர் கன்னை ஒன்றில் மட்டும் வைத்து விசையை அழுத்தினார்.

"மச்சான், எதிர்ப்பக்கம்! கன்னை எடுங்க! எடுங்க!" என்று நிதானம் கத்தினார்.

ஸ்பிரிங் வில்லாக ஒருபக்கம் வளைந்தது. கொக்கி வழுக்கியது. பிறகு ஒரே ஓர் ஓசை. இரும்புக் கதவை யாரோ அறைந்து சாத்தியதுபோல. ஸ்பிரிங் மச்சானின் தாடையைக் கீழிருந்து வெட்டிக்கொண்டு மேலே போய், கூரைத் தகரத்தைக் கிழித்து, திரும்பி வந்து காரின் பானெட்டைக் குழியாக்கிவிட்டுத் தரையில் உருண்டது. மச்சான் நின்றுகொண்டுதான் இருந்தார். கீழ்முகம் மட்டும் இருந்த இடத்தில் இல்லை, இடதுபக்கமாக நகர்ந்திருந்தது. பேச முயன்றார். வாய் திறக்கவில்லை, ரத்தம் மட்டும் வந்தது. அவர் விழுவதற்குள் தாங்கிப் பிடித்தது அதே அகலமான கைதான். முறிந்த காறையெலும்போடு அவரைத் தூக்கி வேனில் போட்டு மருத்துவமனைக்கு ஓட்டிப்போனவரும் நிதானம்தான்.

மாலையில் செயலாளர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். மச்சானின் தாடையைக் கம்பியால் பூட்டியிருந்தார்கள்.

"மாப்பிள்ளை அடிச்சானா?" என்று கேட்டார்.

மச்சான் ஆமென்று தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டல் பொய் இல்லை. மாப்பிள்ளை அடித்தது உண்மை. ஆனால் செயலாளர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. எதனால் அடித்தான், எங்கே அடித்தான், தாடை எப்போது போயிற்று என்று எதுவும் கேட்காமல், இரும்புக் கம்பியைத் தாமாகவே நிதானத்தின் கையில் கொடுத்துவிட்டார். தையல்கடை அம்மா மறுநாள் சங்க அலுவலகத்துக்கே போய் நடந்ததைச் சொன்னபோது, "இது எங்க சங்கத்து விஷயம்மா, நீங்க தைங்க" என்று அனுப்பிவிட்டார்.

பெயர் நீக்கப்பட்டவரை இந்தப் பகுதியில் எந்தப் பட்டறையும் உள்ளே விடாது. நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தார். ஸ்பிரிங்கைத் தொட்டே பிழைத்தவருக்கு வேறு வேலை தெரியாது.

வீட்டில் மனைவி அண்ணனுக்குக் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க அண்ணனை அடிச்சீங்களா, இல்லையா?"

"அடிச்சேன். ரெண்டு. தாடை நான் இல்ல."

"இதுல கணக்கு வேற பிரிக்கிறீங்களா?"

"பிரிக்கணும். பிரிக்கலைன்னா நான் எங்கப்பா ஆயிடுவேன்."

மனைவி வடிகட்டுவதை நிறுத்தவில்லை. கஞ்சித் தூக்கைக் கணவன் பக்கம் நகர்த்தி, "போய்க் குடுத்துட்டு வாங்க. நேர்ல கேளுங்க" என்றார்.

நிதானம் போனார். மச்சான் குழாய் வழியாகக் கஞ்சியை உறிஞ்சி முடிக்கும்வரை கட்டிலருகே நின்றார்.

"மச்சான், ஸ்பிரிங்தான்னு செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

பூட்டிய பற்களுக்கு நடுவிலிருந்து காற்றாகத்தான் பேச்சு வந்தது. "முப்பது வருசம்... ஸ்பிரிங் கட்டுறேன். கொக்கியத் தப்பா... மாட்டினேன்னு... நானே சொல்லவா? நீ அடிச்சன்னே... இருக்கட்டும்."

"அப்ப என் பொழைப்பு?"

மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நிதானம் காலித் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆகவே செயலாளருக்கு: அந்த இரண்டு குத்தும் நிதானம் குத்தியவை. அதற்குச் சங்கம் எந்தத் தண்டனை விதித்தாலும் அவர் ஏற்பார். குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டார். இரும்புக் கம்பி என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. தாடையை உடைத்தது, கொக்கி தவறாக மாட்டப்பட்ட ஸ்பிரிங். கூரைத் தகரத்தின் கிழிசலும் பானெட்டின் குழியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. நேரில் வந்து பார்க்கலாம். தையல்கடை அம்மாவும் வரத் தயார். அவரை விசாரித்து, நிதானம் செய்தது எது, செய்யாதது எது என்று பிரித்து, எதற்காக அவர் பெயர் நீக்கப்பட்டது என்பதைச் செயலாளரின் கையெழுத்தோடு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். காவலாளியிடம் சொல்லி அனுப்பும் பதில் பதிலாக ஏற்கப்படமாட்டாது.