ஒன்பதாம் நாள் பிரிந்த தையல்

நர்ஸான நான், பிரசவமான இஸ்திரிக்காரியின் வயிற்றுக் காயக் கட்டை மாற்றத் தினமும் போவேன். ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தால், தையல் இரண்டு விரல் நீளத்துக்கு விட்டுப்போய் நீர் கசிகிறது.

"என்னத்தத் தூக்கின?"

"ஒண்ணும் இல்லம்மா."

முன்னறையில் சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி. பக்கத்தில் மடித்த பள்ளிச் சீருடைகள், நாற்பதாவது இருக்கும். அதற்கு மேல் என்ன கேட்க?

பதினான்கு வயதிலிருந்து நின்றே வேலை செய்தவள். வீடு வீடாகப் போய்த் துணி கேட்டு, புகுந்த வீட்டு முன்னறையைக் கடையாக்கியவள். காலரைப் பார்த்தே யார் சட்டை என்று சொல்லிவிடுவாள். வலி எடுத்த அன்று காலையிலும் தேய்த்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் துடித்தாள். குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கியதால் சிசேரியன் செய்து எடுத்தார்கள்.

பார்க்க வந்தவர்களிடம் மாமியார் என்ன சொன்னாள் தெரியுமா? "இவ எங்க பெத்தா? தூங்கினா, டாக்டர் பெத்துக் குடுத்தாரு. சீசர்னு ராஜா பேரு வச்ச பிரசவமாச்சே, சொகுசுக்குக் கேக்கணுமா!" எல்லோரும் சிரித்தார்கள். எட்டு நாள் நானும் வாயை மூடிக்கொண்டு பஞ்சை நனைத்தேன். எனக்கு ஆத்திரம் என் மேல்தான்.

ஒன்பதாம் நாள் விடவில்லை. மாமியார் பக்கம் திரும்பினேன்.

"ராஜாவாவது கூஜாவாவது! சீசரோட அம்மா, மகன் படை நடத்துற வரைக்கும் உயிரோட இருந்தவ. அந்தக் காலத்துல வயித்த அறுத்தா எந்தத் தாயும் பொழைக்க மாட்டா, அதனால சீசர் இப்படிப் பொறந்தவனே இல்ல. கர்ப்பிணி செத்தா, புள்ளைய அறுத்து எடுக்காமப் புதைக்கக் கூடாதுன்னு ரோம்ல சட்டமாம். அவங்க பாஷையில வெட்டுறதுக்கு உள்ள சொல்லுல இருந்துதான் இந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்றாங்க. பொணத்துக்குப் பண்ணினத உயிரோட தாங்கினவள நிக்க வச்சுத் தேய்க்க விட்டிருக்கீங்க. சீழ் பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

"கதை நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் மீதிச் சீருடைய யாரு தேய்ச்சுக் குடுக்கிறது?"

இஸ்திரிக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க குடுங்க அத்தை. பெட்டி இன்னும் சூடாத்தான் இருக்கு."

புருஷன் வாசலில் மரம் மாதிரி நின்றான். "நான் என்ன பண்ணட்டும்?"

"புள்ளையத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

படி இறங்கும்போதுதான், "ரெண்டு நாளா வலிக்குதும்மா" என்றாள். இரண்டு நாள்! மறுபடி தைத்து, ஆறு நாள் படுக்க வைத்தார்கள். மாமியார் பார்க்க வந்தாள். இஸ்திரிக்காரி குழந்தையை அவள் மடியில் கொடுக்கவில்லை. நானும் கொடு என்று சொல்லவில்லை.