விண்வெளிக்காரியை நான் ஏன் சாகவிடவில்லை

மறந்துபோன விண்வெளிக் கதாபாத்திரங்களைக் காமிக்ஸ் கம்பெனிக்காரர்கள் ஏன் தூசி தட்டி எழுப்புகிறார்கள் என்று வாசகர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பழைய பாசமாம். மண்ணாங்கட்டி! சாகடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். எல்லா ஹீரோக்களையும் ஒரே கதையில் சேர்த்தால், ஆபத்து பெரிது என்று காட்ட யாராவது சாக வேண்டும். நன்றாக விற்கிற துப்பறிவாளன் மேல் கைவைக்க முடியுமா? கௌபாய் மேல்? அதனால் கிரகங்களையே தூக்கி எறிகிற, ஆனால் ஒருவருக்கும் ஞாபகமில்லாத ஆளைக் கூட்டி வருவார்கள். பலம் பெரிது, செத்தால் அழ நாதியில்லை. இதைவிடத் தோதான பலியாடு வேறெங்கே கிடைக்கும்?

சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற ஒரு அச்சகம் காமிக்ஸும் போடுகிறது. அங்கே கதை எழுதுகிறவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நட்சத்திரங்களுக்குக் காவல் நிற்கிற ஒருத்தியை உருவாக்கினேன். விற்கவில்லை என்று சில புத்தகங்களோடு ஊத்தி மூடிவிட்டார்கள். போன தீபாவளி மலருக்கு, எல்லா ஹீரோக்களும் சேரும் கதையில் அவளையும் கொண்டுவா என்று முதலாளி சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூர் போன பிள்ளை வீடு திரும்பின மாதிரி இருந்தது.

பிறகுதான் முடிவைச் சொன்னார். வெடிக்கப்போகிற நட்சத்திரத்தை அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு கருக வேண்டுமாம். மற்றவர்கள் தப்பிப்பார்களாம். கடைசிப் பக்கம் முழுக்கத் தீ, லேபிள் கணக்காகப் பளபளவென்று அச்சாகும் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

என் அக்கா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிக்கு மருந்து செலுத்துகிறாள். மருந்து அறையின் வாசல்கள் திறந்தே கிடக்க வேண்டும். வழியில் எதையும் வைக்கக் கூடாது. புகைந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஒருமுறை நிஜமாகவே புகைந்தது. அக்கா ஓடினாள். கூட வேலை பார்த்தவள், செய்து வைத்த சரக்கை எடுக்கத் திரும்பினாள். வெளியே வரவேயில்லை. துக்க வீட்டில் கம்பெனி ஆள் ஒருவர், கம்பெனிக்காக உயிரைக் கொடுத்த மகராசி என்று அவளைப் புகழ்ந்தார். ஓடிப் பிழைத்த என் அக்காவைப் பார்த்து, நீ ஏன் அவளை விட்டுவிட்டு ஓடி வந்தாய் என்று அங்கேயே கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

அதனால் என் கதையில் விண்வெளிக்காரி ஓடினாள். துப்பறிவாளன், கௌபாய் எல்லாரையும் ஓடு ஓடு என்று விரட்டிக்கொண்டு தானும் ஓடினாள். நட்சத்திரம் அதுபாட்டுக்கு ஆளில்லாத இடத்தில் வெடித்தது.

முதலாளி பக்கங்களை மேசைமேல் போட்டார். “ஏம்மா, அம்புட்டுப் பலம் உள்ளவ ஓடுனா எவன் வாங்குவான்?”

“அண்ணாச்சி, நின்னு கருகுறதுதான் வீரம்னு இந்த ஊர்ல இருந்துக்கிட்டு நீங்க சொல்றீகளா? வேற ஆள வச்சு எழுதிக்கோங்க. நான் அவளக் கொல்ல மாட்டேன்.”

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். சீசன் நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது என்று முனகியபடி அவர் பக்கங்களை அச்சுக்கு அனுப்பினார்.

மலர் வந்ததும் வசவும் வந்தது. கோழை, ஓடுகாலி, இவளெல்லாம் காவல்காரியா என்று வாசகர்கள் வறுத்தெடுத்தார்கள். வறுக்கட்டும். அடுத்த மலரிலும் அவள் உயிரோடுதான் இருப்பாள்.

அக்காவுக்குக் காமிக்ஸ் படிக்கும் பழக்கம் கிடையாது. வேலை முடிந்து வந்தவள், கை கால் கழுவிவிட்டு, நான் சொன்னேனே என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். ஓடுகிற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் ஓடி வந்தேன்னு இவளை யாரும் கேக்கலையா?” என்றாள்.

“கேக்கத்தான் செய்றாகக்கா. கேக்குற ஆள வந்து உன் மருந்து ரூம்ல ஒரு நாள் ஒக்காரச் சொல்லியிருக்கேன்.”