நீல டிரம்மில் நின்ற புங்கை

புங்க மரத்தின் அடியைச் சுற்றி ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் பிளந்து கிடக்கிறது. வெயில் தின்று வெளுத்த நீலம். மரம் பருக்கப் பருக்க அது வாய் கிழிந்து விரிந்துகொண்டே போகிறது. யாரும் அதை எடுத்துப் போடவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிய ஜீப்புகள் கூடலூர்ச் சாலையில் மலையைப் பார்த்துப் பாய்கிற காலைகளில், நான் இங்கே வந்து நின்று அதைப் பார்ப்பேன். எதையும் நம்பாத என் சித்தி, ஒரே ஒரு முறை நம்பிப் பார்த்ததன் மிச்சம் அது.

சித்தப்பா போன பிறகு திராட்சைப் பந்தலையும், பழப்பெட்டி அடுக்கும் ஷெட்டையும் தனியாளாகக் காத்தவள் சித்தி. "சிரிச்சுக்கிட்டு வாரவன் எதையோ கேக்க வாரான்" என்பது அவள் சொல். அப்படிச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள்தான் பல்கலைக்கழகத்துக்காரர்கள். எங்கள் ஊரில் ஒரு கிளை வளாகம் திறக்கப் போகிறார்களாம். சொந்தக் கட்டடம் எழும்பும் வரை ஷெட்டை வாடகைக்குத் தர வேண்டுமாம். நம்ம ஊருக்கு எதற்கு இது, விலை ஏறட்டும் என்று ரோட்டோரத்தில் எவனோ நிலம் வாங்கிப் போட்டிருக்கிறான் என்று டீக்கடையில் பேச்சு. சித்திக்கோ ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு சந்தேகங்கள். "பாதியில போட்டுட்டுப் போயிருவாக" என்பாள். அதே மூச்சில், "போகாம இங்கனயே ஒக்காந்து நெலத்த முழுங்கிருவாக" என்பாள்.

இருந்தும் கொடுத்தாள். காரணம் அவள் மகள். பன்னிரண்டாவது முடித்த தங்கச்சியைப் படிக்கத் தேனிக்கு அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக வீட்டில் வைத்திருந்தாள். ஷெட்டில் வகுப்பு என்றால் அடுப்படி ஜன்னலிலிருந்து பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். எங்கள் பக்கத்துக் குத்தகை வழக்கம்தான்: குத்தகைக்காரன் வாழை வைக்கலாம், பந்தலில் கொடி ஏற்றலாம், மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் வைத்தவனைக் கிளப்ப முடியாது.

திறப்பு விழாவன்று விருந்தினர் கையில் மரக்கன்று. குழியும் வெட்டியாயிற்று. ஷாமியானாவை விலக்கிக்கொண்டு சித்தி வந்தாள்.

"அந்தக் குழிய மூடுங்க."

"அம்மா, ஒரு கன்றுதானே?" என்றார் வளாகத்தின் பொறுப்பாளர். அவரை நாங்கள் டைரக்டர் சார் என்போம்.

"கன்டுதேன். நாளைக்கு மரமாகி எங்கிட்டயே பட்டா கேக்கும்."

கூட்டம் சிரித்தது, விருந்தினரும் வேறு வழியின்றிச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. கடைசியில் திராட்சைக்கு மருந்து கலக்கும் நீல டிரம் ஒன்றில் மண் நிரப்பி, அதில் கன்றை நட்டுக் கைதட்டினார்கள்.

நான் அங்கே தமிழ் நடத்தினேன். தரையில் ஊறிப்போன திராட்சைச் சாற்றின் புளிப்பு வகுப்பு முழுக்க வீசும். எறும்புகள் நோட்டுகளின் மேல் ஊர்ந்து போகும். ஜன்னலில் சித்தியின் முகம். அவள் வேவு பார்த்தது மகளை மட்டுமல்ல. "ஏலே, ஒங்க டைரக்டரு இன்னும் காஸ் கனெக்சன் வாங்கலையாம்ல. மூணு வேளையும் ஓட்டல்லதேன் சாப்புடுறாக. இருக்கப் போற மனுசன் செய்யிற காரியமா இது?" நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று முதல் நானும் அவரது சமையலறைப் பக்கம் கண்ணை ஓட்டத் தொடங்கினேன். சந்தேகம் தொற்றக்கூடியது.

இரண்டாம் வருடம், வளாகத்தைத் தேனியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று காற்றில் ஒரு பேச்சு. வதந்தி என்றார் டைரக்டர். "இல்லன்னு சொல்லும்போது கண்ணாடியக் கழத்தித் தொடச்சாக. போறாக" என்றாள் சித்தி. அந்த நாட்களில்தான் அவள் டிரம்மைச் சுற்றி மண் அணைத்து, பாத்தி கட்டி, தண்ணீர் விடத் தொடங்கினாள். என்ன சித்தி என்று கேட்டேன். "சாயுதுடா. முட்டுக் குடுக்கேன்" என்றாள். அதை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை.

உத்தரவு வந்தது. லாரி வந்தது. பெஞ்சுகள், கரும்பலகை, பீரோ எல்லாம் ஏறின. விருந்தினர் நட்ட மரம், அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் டைரக்டர். நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அசையவில்லை. மண்ணை விலக்கினார்கள். டிரம்மின் அடியோரம் சுற்றிலும் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது. அந்த வெட்டின் வழியே வேர்கள் விரல் விரலாகத் தரைக்குள் இறங்கியிருந்தன.

"நாந்தேன் அறுத்தேன்" என்றாள் சித்தி. "இந்தா, மரம் வச்சாச்சு. மரம் வச்ச குத்தகைக்காரன எவனும் கெளப்ப முடியாது. இருங்க."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "என் கையில் இல்லைம்மா" என்றார். அது பொய்யில்லை என்று சித்திக்குத் தெரிந்ததை நான் பார்த்தேன். அவள் முகத்தில் சந்தேகம் இல்லாமல் இருந்த ஒரே கணம்; அப்படியொரு வெறுமையை நான் அதற்குமுன் அங்கே கண்டதில்லை. எங்கள் வழக்கத்தையெல்லாம்விடப் பெரிதாக, மேலிடத்து உத்தரவு என்று ஒரு காகிதம் இருந்தது. லாரி போய்விட்டது.

தங்கச்சியின் படிப்பு அதோடு நின்றுபோகும் என்றே நினைத்தேன். திங்கட்கிழமை காலை சித்தி, சோற்று வாளியோடு மகளுக்கு முன்னால் தேனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வகுப்பு வராந்தாவிலேயே காத்திருப்பாளாம். வாட்ச்மேன் இங்கே உட்காரக் கூடாது என்றபோது, "நீங்க எங்க ஊருக்கு வந்து ஒக்காந்தீகள்ல? இப்ப நான் வந்திருக்கேன்" என்றாளாம். பல வாரங்கள் போய்வந்தாள். பிறகு ஒருநாள், "அந்த வாட்ச்மேன் நம்மளவிடச் சந்தேகக்காரன். அவன் பாத்துக்கிருவான்" என்று போவதை நிறுத்திக்கொண்டாள். தங்கச்சி பட்டம் வாங்கினாள்.

சித்தி இப்போது இல்லை. ஷெட்டையும் பந்தலையும் தங்கச்சிதான் பார்க்கிறாள். போன வாரம் ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு கல்லூரியின் கிளையாம், ஷெட் வேண்டுமாம். வாடகை பேசுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"மரம் வைப்பீகளா?"

"கண்டிப்பா மேடம். எத்தனை வேணும்?"

"ஒண்ணு போதும். தரையில வைக்கணும்."

சரி என்று மிக வேகமாகத் தலையாட்டினார். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை, அவளுக்கும்தான். அவர் போன பிறகு இருவரும் புங்கை நிழலில் நின்றோம். கிழிந்த நீலத்தைக் காலால் லேசாகத் தட்டியபடி அவள் கேட்டாள்: "அண்ணே, அந்தாளு இந்த ஊர்ல காஸ் கனெக்சன் வாங்குவாரா?"