வண்டுக்கு இல்லாத அலமாரி

எங்கள் கல்லூரி சைனிக்புரிப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது விலங்கியல் துறைக்குக் கிடைத்தது ஒரே ஒரு அலமாரி. அதில் என் கடற்பறவை இருக்கலாம், இல்லை அவளுடைய வண்டுகள் இருக்கலாம்.

பறவை என்றால் பஞ்சடைத்த ஓர் ஆலா. கடலே இல்லாத ஹைதராபாத்தில் அதைத் துறைத் தலைவியான நான் பல வருடமாகப் பூச்சி அரிக்காமல் காத்து வந்தேன். அவள் எனக்குக் கீழே வேலை பார்த்த விரிவுரையாளர், ரயில்வே காலனித் தமிழ்ப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் எருமைச் சாணத்தைக் கிளறி ஒன்பது வருடமாகச் சாணி வண்டு சேர்த்தவள். மாணவர்கள் அவள் பின்னாலேயே போனார்கள். என் பறவையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

இரண்டையும் ஒப்பிட்டு ஒரு தாள் கேட்டார் முதல்வர். அவர் வணிகவியல்காரர். தாளில் நிரப்ப வேண்டியவை வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம், கடைசியில் பாதுகாப்பு நிலை. பறவையின் பக்கத்தை நான் மேலிருந்து கீழ்வரை நிரப்பினேன். பாதுகாப்பு நிலை 'கவலை குறைவு'. அதாவது உலகத்தில் அது ஏராளமாக இருக்கிறது, என்னுடையது ஒன்று போனால் குடிமுழுகாது. முதல்வருக்கு அதை நான் விளக்கவில்லை. வண்டுப் பக்கத்தை, உன்னைவிட யாருக்குத் தெரியும் என்று சொல்லி அவளிடமே கொடுத்தேன்.

பாதி வண்டுகளுக்கு அவள் பேரினத்தோடு நிறுத்தி, சிற்றினம் தெரியவில்லை என்று எழுதினாள். பாதுகாப்பு நிலை 'இன்னும் ஆராயப்படவில்லை'. அவை அழிகின்றனவா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். வைத்துக்கொள்ள அதைவிட நல்ல காரணம் கிடையாது. முதல்வர் நிறைந்த பக்கத்தையும் ஓட்டை விழுந்த பக்கத்தையும் பார்த்துவிட்டு அலமாரியைப் பறவைக்குக் கொடுத்தார்.

இடம் இல்லை என்று கழித்த பொருட்களைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு எரிக்க வேண்டும் என்பது விதி. வண்டுகளுக்குப் பொறுப்பாளர் அவள்தான். ஒரே ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டாள். கல்லூரிச் சொத்து, கூடாது என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

படிவத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள். "எல்லாத்துக்கும் ஏதோ ஒரு பேரை எழுதிப் போட்டிருந்தா இதெல்லாம் தப்பிச்சிருக்குமா மேடம்?"

"ஹவ்," என்றேன், ஆமாம் என்பதை அவளுடைய காலனிப் பேச்சிலேயே. "நீ எழுத மாட்டேன்னு தெரிஞ்சுதான் தாளை உன்கிட்ட கொடுத்தேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். தீப்பெட்டியை நான் எடுத்துக் கொடுத்தேன்.