கேபிளில் நான் விடாத தளர்வு

"தைப்பூசத்துக்கு மறுநாள். செல்வத்தின் சைக்கிளுக்குக் கிளட்ச் கேபிள் இறுக்கினேன். சரி." என் நாட்குறிப்பில் உள்ள இந்த வரியை நான் இன்னும் அடித்துவிடவில்லை.

செல்வம் என் தங்கையின் கணவன். பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்து தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு ஏறிவரச் சைக்கிளில் சிறிய எஞ்சின் பூட்டியிருந்தான். தோட்டத்தில் சைக்கிள் பழுதுபார்ப்பவன் நான். எங்கள் சரிவுகளில் சைக்கிள் பிரேக்கைத் தளர்வே இல்லாமல் இறுக்கி வைப்பது வழக்கம். அதே பழக்கத்தில் கிளட்ச் கேபிளையும் இறுக்கினேன்.

"கொஞ்சம் லூசா இருக்கணும்னு எஞ்சின் வித்த கடைக்கார நானா சொன்னாருங்க, மச்சான்."

"தொங்கவிட்டுத் துணியா காயப்போடப் போற, மாப்ள?" என்றேன். அவனும் சிரித்துவிட்டான்.

கேபிளில் தளர்வு இல்லையென்றால் கிளட்ச் எஞ்சினைச் சக்கரத்தோடு முழுதாக இணைத்துப் பிடிக்காது. இறக்கத்தில் எஞ்சின் சக்கரத்தை இழுத்து வேகத்தைக் குறைக்காது. இதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். நான்காம் நாள் மழையில் அவன் கடைக்கு இறங்கியபோது, மூன்றாவது வளைவில் சைக்கிள் பள்ளத்தில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செல்வம் இறந்துவிட்டான்.

இப்போது யார் இப்படிச் சைக்கிள் கொண்டுவந்தாலும், கிளட்ச் பிடியில் ஒரு கொழுந்துக் காம்பு நுழையுமளவு தளர்வு விடுகிறேன். எஞ்சினை அணைத்து, பிடியை விட்டுத் தள்ளிப் பார்க்கிறேன். சக்கரம் கனத்து இழுத்தால்தான் கொடுத்தனுப்புகிறேன். நாட்குறிப்பில் 'சரி' என்று எழுதுவதில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

"மழையில பிரேக்கு வழுக்குச்சா, இல்ல அந்தக் கேபிளாண்ணே?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள்.

சைக்கிள் நசுங்கிப்போனதால் யாராலும் சோதிக்க முடியவில்லை. எது காரணம் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.