ஊற்றை அடைத்த வெள்ளை மண்

மணிமுத்தாறு வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகத்தான் கிடக்கும். விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் அந்த மணலுக்குள்ளிருந்துதான் வந்தது. முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. முதலில் வரும் கலங்கலை அள்ளிக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் நல்ல தண்ணீர் கூடும். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஊற்று. அடுத்தவள் ஊற்றில் கேட்காமல் மொண்டால் சண்டைதான்.

அந்த ஊற்றுகளை அடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு பீங்கான் பட்டறையில் மண் கழுவும் வேலை பார்த்தேன். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, சலித்து, தொட்டியில் மூன்று நாள் தெளியவிட வேண்டும். தொட்டியின் பக்கத்தில் ஓர் ஓட்டை, அதில் துணி சுற்றிய கட்டை. அதைப் பிடுங்கினால் மேல் தண்ணீர் வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போகும். பிடுங்குவது என் வேலை.

ஆர்டர் கூடியதும் மூன்று நாள் ஒரு நாளாயிற்று. மோர் மாதிரி வெளுத்த தண்ணீரையே திறந்துவிட்டோம். யாரும் பயப்படவில்லை. சாயமில்லை, நாற்றமில்லை. மணல்மேல் படிந்த வெள்ளை மண்ணைப் பெண்கள் வழித்துப்போய் அடுப்பு மெழுகினார்கள், பொங்கலுக்குச் சுவரில் பூசினார்கள். நானும் கூடைகூடையாக வாரினேன். "மண்ணுதானே அண்ணி, வெசமா?" என்று எதிர்வீட்டு அண்ணியிடம் சொன்னவளும் நான்தான்.

நஞ்சு கொட்டினால்தான் ஆறு சாகும் என்று நினைத்தது முட்டாள்தனம். மண்ணாலும் சாகும்.

அடுத்த கோடையில் ஒருநாள் காலை அண்ணி ஆற்றிலிருந்து கத்தினாள்.

"ஏண்டி, ஒங்க கம்பெனி மாவக் கரச்சு எங்க ஊத்துக்குள்ள தோசை ஊத்தி வச்சிருக்குது. வந்து பாரு!"

இடுப்பளவு தோண்டியிருந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. குழியின் அடியில் வெள்ளையாக, தளம் போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. கடப்பாரையால் உடைத்தேன். கீழே ஈர மணல். உச்சி வெயில் வருவதற்குள் ஒரு சாண் தண்ணீர் ஏறிவிட்டது. தண்ணீர் எங்கேயும் போகவில்லை. வழியைத்தான் நாங்கள் அடைத்திருந்தோம். அண்ணி கொட்டாங்கச்சி எடுத்து வருவதற்குள் பட்டறையில் யாரோ கட்டையைப் பிடுங்கினார்கள். வெள்ளைத் தண்ணீர் வந்து குழியை நிரப்பியது.

"இனிமே நான் புடுங்க மாட்டன் அண்ணி" என்றேன்.

நேரே பட்டறை மேஸ்திரியிடம் போனேன்.

"மூணு நாளு தெளிய வச்சு வுடச் சொல்லுங்கண்ணே. இல்ல, குழி வெட்டி அதுல வுடுங்க. ஊத்து அடைஞ்சுபோச்சு."

"மண்ணுதானே, வெசமா?" என்றார். என் வார்த்தையேதான். "கூடகூடயா அள்ளிக்கினு போனியே, அப்ப இனிச்சுதா?"

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"குழி வெட்ற நேரத்துல ஒரு லோடு சாமான் போவும். புடுங்க மாட்டன்னா சொல்லிடு. வெளிய ஆளு நிக்கிது."

இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். என் இடத்தில் வேறொருத்தி பிடுங்கினாள். ஆற்றில் எதுவும் மாறவில்லை. என் அடுப்பில்தான் உலை ஏறவில்லை. மூன்றாம் நாள் திரும்பிப் போனேன். மேஸ்திரி தொட்டியைக் காட்டினார். முந்தின நாள் கரைத்த மண். குனிந்து கட்டையைப் பிடுங்கினேன்.

நிமிர்ந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அண்ணி. இடுப்பில் வெறும் குடம். மேற்கே ஒரு கொல்லை வயலில் பம்புசெட் ஓடும் நேரத்தில் கெஞ்சினால் ஆளுக்கு ஒரு குடம் விடுவார்கள். அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். காலடியில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னாடி, தெளிஞ்சிடுச்சா?"

தெளியவில்லை. கட்டை என் கையில் இருந்தது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்து வாய்க்காலைத் தாண்டிப் போனாள்.