பன்னிரண்டாவது ஊசி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. காரைக்குடிக்குப் பக்கத்தில், உலகப் போர் சமயத்தில் போட்ட பழைய ஓடுபாதையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு மஞ்சள் நிறக் குட்டி விமானம், கிளம்பத் தயாராக. எல்லோர் கண்ணும் அதன் மூக்கில் இருந்த காற்றாடி மேல். என் பக்கத்தில் நின்ற பெண்மணி மட்டும் வலது பக்கக் கீழ் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இமைகூடக் கொட்டவில்லை.

அவர் பெயர் செல்லம். நேமத்தான்பட்டியில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறார். அந்த விமானத்தையும் தைத்தவர் அவர்தான்.

விமானத்தை யாராவது தைப்பார்களா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்!

டைகர் மாத் என்று ஒரு பழைய ராணுவப் பயிற்சி விமானம். இரண்டு அடுக்கு இறக்கை. உட்கார இரண்டு குழி, தலைக்கு மேலே வெட்டவெளி. இறக்கைக்கு உள்ளே இருப்பது மரச் சட்டம். அதன் மேல் துணி. துணியைச் சட்டத்தோடு சேர்த்து, ஒரு அடி நீள ஊசியால் மேலிருந்து கீழே குத்தி, கீழிருந்து மேலே வாங்கி, முடிச்சு முடிச்சாகத் தைக்க வேண்டும். ஒரு காலத்தில் நம் நாட்டுப் போர் விமானிகள் பலரும் இதில்தான் பறக்கக் கற்றார்கள். இன்றைக்குப் பறக்கிற நிலையில் இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதில் ஒன்றை நேமத்தான்பட்டியில் உயிர்ப்பித்தவர் வள்ளியம்மை. என் மனைவியின் கல்லூரித் தோழி. விமானப் படையில் இன்ஜினீயர் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நகரத்தார் வீட்டுப் பெண் என்பதால் ஊரில் எல்லோரும் அவரை ‘ஆச்சி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்து மூன்றுதான். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

ஒரு கல்லூரியில், மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக இந்த விமானத்தை வைத்திருந்தார்களாம். பிறகு அந்தப் பாடப்பிரிவையே மூடிவிட்டார்கள். விமானம் பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்தது. வள்ளியம்மை லாரியோடு போய் நின்றார்.

“கொண்டாந்து எறக்கினப்ப ஊர்ல எல்லாரும் விறகுன்னுதான் நெனச்சாக” என்பார் சிரித்துக்கொண்டே.

மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையின் ஷெட். அங்கேதான் ஐந்து வருட வேலை. உளுத்த சட்டங்களைக் கழற்றிவிட்டு, அதே வகை மரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். இன்ஜினை ஸ்குரூ ஸ்குரூவாகப் பிரித்தார். அது தலைகீழாகத் தொங்குகிற இன்ஜின், தெரியுமோ? சிலிண்டர்கள் கீழே, கிராங்க் மேலே. ஒரு சின்ன வால்வுக்காக எட்டு மாதம் காத்திருந்தார். பறக்க அனுமதி வாங்க எத்தனை முறை டெல்லிக்கு அலைந்தார் என்று அவருக்கே நினைவில்லை. ‘எதற்கு இவ்வளவு பாடு?’ என்று ஒருமுறை கேட்டேன்.

“சர்வீஸ்ல இருந்தப்ப, இது பறக்கலாம்னு ஆயிரம் தடவ கையெழுத்துப் போட்டிருக்கேன். எல்லாம் யாரோ செஞ்ச விமானம். ஒண்ணே ஒண்ணு, முதல் ஆணியிலேர்ந்து நானே செஞ்சு, அதுக்குக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.”

போன ஆடி முடிந்த கையோடு முதல் பறப்புக்கு நாள் குறித்தார்கள். எங்களுக்கும் அழைப்பு வந்தது. ஓடுபாதை ஓரம் ஷாமியானா, நாற்காலி, மைக். நூறு பேராவது இருப்போம். அதிகாரிகள், தொழிலதிபர்கள், பத்திரிகைக்காரர்கள்... தட்டுத் தட்டாக வெள்ளைப் பணியாரம் வந்துகொண்டிருந்தது. ஓட்டப்போகிறவர் பாலு, விமானப் படையில் விமானியாக இருந்தவர். தோல் தொப்பியும் கண்ணாடியுமாக நின்று, கேட்பவர்களுக்கெல்லாம் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். எட்டே காலுக்குச் செல்லம் பட்டுப் புடவையோடு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. நானும் மனைவியும் வள்ளியம்மையின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

“ஆச்சி... ஒரு ஊசியக் காணோம்.”

“என்ன ஊசி?”

“றெக்கை தச்ச ஊசி. சீட்டு மெத்தைல ஒரு பட்டன் விட்டிருந்துச்சுன்னு காலைல டப்பாவத் தொறந்தேன். பன்னெண்டு இருக்கணும். பதினொண்ணுதான் இருக்கு. வீட்டக் கவுத்துப் போட்டுத் தேடிட்டேன். ஷெட்டுலயும் பாத்துட்டேன், இல்ல.”

“கடைசியா எப்ப பன்னெண்டா இருந்துச்சு?”

“தெரியல ஆச்சி. தச்சு முடிச்ச அன்னிக்கு அப்படியே மூடி வச்சதுதான். துணிலயே குத்தி வைக்கிற பழக்கம் எனக்கு. துணி உறைய றெக்கைல மாட்டி இழுக்கும்போது உள்ள விழுந்திருக்குமோன்னு... வீட்டுக்காரரு சும்மா இருங்கிறாரு. இங்குட்டு எங்கயாச்சும் கெடக்கும், நல்ல நாள்ல போய் வாய விடாதங்கிறாரு. எனக்கு மனசு கேக்கல. ஆளு ஏறிப் போற வண்டில்ல இது?”

சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டார்.

வள்ளியம்மை திரும்பினார். நூறு பேரைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். பிறகு செல்லத்தின் தோளில் கை வைத்தார்.

“நல்லவேள சொன்ன.”

நேராக மைக் முன்னால் போனார். “எல்லாரும் மன்னிக்கணும். இன்னைக்கு இது பறக்காது. இறக்கைக்குள்ள ஒரு ஊசி இருக்கலாம்னு சந்தேகம். என் டூல் பாக்ஸ்ல ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு இடம் உண்டு. சாயங்காலம் ஒண்ணு குறைஞ்சாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. தைக்கிற ஊசிய மட்டும் நான் எண்ணல. எண்ணாம இறக்கைய மூடினது என் தப்பு.”

கவனித்தீர்களா? செல்லத்தின் பெயரே அந்தப் பேச்சில் வரவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதருக்குப் பொறுக்கவில்லை. “ஏன் ஆச்சி, ஒத்த ஊசிக்கா இத்தன பேரத் திருப்பி அனுப்புறீக? ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும், அப்புறம் தேடுங்க!”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மனதுக்குள் அதே எண்ணம்தான். மதியம் ரயில் டிக்கெட் வேறு போட்டிருந்தேன்...

பாலு தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பணியாரம் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். விவாதம் முடிந்துவிட்டது.

பிறகு நடந்ததை வள்ளியம்மை போனில் சொல்லித்தான் தெரியும். இறக்கையில் அங்கங்கே சின்னத் திறப்புகள் உண்டு. அவற்றின் வழியாக ஒயர் நுனியில் கேமராவைக் கட்டி உள்ளே விட்டு, இரண்டு நாள் தேடினார்கள். சட்டங்களுக்கு நடுவே எல்லா மூலையும் தெரியவில்லை. மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஓடுகிற கம்பிகளுக்கெல்லாம் அது கத்தித் தீர்த்தது. ஸ்கேன் சென்டருக்கு எடுத்துப் போகலாமா என்றுகூட யாரோ கேட்டார்களாம். இறக்கையின் நீளத்துக்கு ஸ்கேன் சென்டரின் வாசல் பத்தாது!

துணியைக் கிழிப்பது ஒன்றுதான் வழி. மாதக்கணக்கில் தைத்து, பசை வார்னிஷ் கோட்டிங் மேல் கோட்டிங்காகப் பூசி, முரசுத் தோல் மாதிரி இழுத்து நின்ற துணி. செல்லத்தால் கத்தரியைத் தொட முடியவில்லை. வள்ளியம்மையே வெட்டினார்.

முதலில் இடது கீழ் இறக்கை. ஒன்றுமில்லை.

“அப்பத்தான் எனக்கே ஆடிப் போச்சு” என்றார் வள்ளியம்மை. “வீணாக் கிழிச்சுட்டமோன்னு. செல்லம் சுவரப் பாத்து உக்காந்துட்டா. நிறுத்தலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஆனா தேடினதுக்கு அப்புறமும் சந்தேகம் அப்படியேதான இருக்கு?”

மறுநாள் வலது கீழ் இறக்கை. பாதி வெட்டியபோதே செல்லம் கத்திவிட்டாராம். ஊசி அங்கே இருந்தது. ஒரு சட்டத்தின் இடுக்கில் சாய்ந்து, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும் பல்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

அது அங்கேயே அசையாமல் காலம் பூராவும் கிடந்திருக்கலாம். அல்லது முதல் திருப்பத்திலேயே நழுவிப் போய்ப் பல்லில் சிக்கியிருக்கலாம். எது நடந்திருக்கும்? யாருக்கும் தெரியாது. தெரியாமலே போனதில்தான் எனக்கு நிம்மதி.

பிறகு மறுபடி துணி, மறுபடி தையல். ஐப்பசி மழை வந்துவிட்டது. காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு சரியாகக் காயாது. கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. இந்த முறை தினமும் சாயங்காலம் செல்லம் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். வள்ளியம்மை நோட்டில் கையெழுத்துப் போடுவார்.

போன ஞாயிறு ஷாமியானா இல்லை, மைக் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர்தான். இன்ஜினைக் கிளப்ப வள்ளியம்மை தன் கையாலேயே காற்றாடியைப் பிடித்தார். உள்ளிருந்து பாலு ஸ்விட்சைப் போட்டு “காண்டாக்ட்!” என்றார். ஒரு சுழற்று. ஒன்றுமில்லை. இரண்டாவது சுழற்று... ஒரு செருமல், நீலப் புகை, அப்புறம் தடதடவென்று ஒரு சத்தம். பழைய தையல் மிஷின் நூறு சேர்ந்து ஓடுகிற மாதிரி!

விமானம் குலுங்கிக் குலுங்கி ஓடியது. வால் மேலே எழும்பியது. அப்புறம் தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம். அவ்வளவுதான், பறந்துவிட்டது.

நான் கை தட்டினேன். என் மனைவி அழுதாள். செல்லம் இரண்டும் செய்யவில்லை. புடவைத் தலைப்பை முறுக்கிப் பிடித்தபடி நின்றார். அந்த வலது இறக்கை எங்கே போனாலும் அவர் கண்ணும் அங்கேயே போனது. வள்ளியம்மை கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினாறு நிமிடம். வேப்ப மரங்களுக்கு மேலே இரண்டு பெரிய வட்டம். பிறகு பூப்போல இறங்கவில்லை, இரண்டு குதி குதித்துத்தான் இறங்கியது. பாலு இறங்கி வந்தார். முதலில் வள்ளியம்மை நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு செல்லத்திடம் வந்தார்.

“றெக்கை நல்லா டைட்டா இருக்கும்மா.”

செல்லம் அப்போதுதான் சிரித்தார். “ரெண்டாந் தடவ தச்சதுல்ல சார்!”

ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஐந்து வருடம் மரத்தோடும் இரும்போடும் போராடுவது பெரிய காரியம்தான். ஆனால் நூறு பேர் காத்திருக்கும்போது, ‘தப்பு நடந்திருக்கலாம்’ என்று ஒருவர் வாய் திறப்பது? அதைக் கேட்டவர் கோபப்படாமல் ‘நல்லவேளை சொன்னாய்’ என்பது? இந்த இரண்டும் இல்லாத ஷெட்டில் எத்தனை திறமை இருந்து என்ன? நம் ஆபீஸ்களில், நம் வீடுகளில், ஊசியைத் தொலைத்தவர் ஏன் வாய் திறப்பதில்லை என்று இப்போது புரிகிறது. தொலைத்ததற்குப் பயப்படுவதைவிட, சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத்தானே அதிகம் பயப்படுகிறோம்?

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக எதிர் ஃபிளாட் அழைப்பு மணியை அழுத்தினேன். “சார், ரெண்டு மாசம் முன்னாடி உங்க கார்ல ஒரு கோடு விழுந்திருக்குமே... ரிவர்ஸ் எடுக்கும்போது நான்தான்...”

“தெரியும் சார், அன்னைக்கே கேமரால பாத்துட்டேன்” என்றார் அவர். “உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்.”